கிராஃபைட் பென்சில்

கிராஃபைட் பொடியையும் களிமண்ணையும் கலந்து சுட்ட குச்சியை மரத்துக்குள் பொதித்த வரைகருவி. இது வருமுன் ஐரோப்பிய ஓவியர்கள் நுண்கோடுகளுக்கு வெள்ளிக் கம்பியைக் கையாண்டனர். எலும்புச் சாம்பலும் பசையும் பூசிய தாளில் வெள்ளி உரசிப் பதியும். நாளடைவில் கோடு பழுப்பேறும். அழிப்பது அரிது. 1484இல், 13 வயதில், ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்தது இம்முறையில்தான். தயங்கும் கைக்கு ஏற்ற கருவியன்று அது.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கெட்டியான, தூய கிராஃபைட் கிடைத்தது. அதை அறுத்து அப்படியே பயன்படுத்தலாம். ரொட்டித் துண்டால் தேய்த்துக் கோட்டை அழிக்கலாம்.

பிரிட்டனுடன் நடந்த போரினால் அச்சரக்கு பிரான்சுக்கு வருவது நின்றபோது, நிக்கோலா ழாக் கோன்டே தரம் குறைந்த கிராஃபைட்டைப் பொடித்துக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார். 1795இல் காப்புரிமையும் பெற்றார். களிமண் கூடினால் முனை கடினமாகிக் கோடு வெளிறும். குறைந்தால் மென்மையாகிக் கறுக்கும். ஓவியர் தமக்கு வேண்டிய கருமையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது இதன் பிறகுதான். இன்றைய பென்சில்களின் எச் (கடினம்), பி (கருமை) வரிசைக்கும் இதுவே அடிப்படை.

பென்சிலின் ஆற்றலை அறிய, பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் ரோமில் 1819இல் வரைந்த வயலின் மேதை பகானினியின் உருவப்படம் ஒன்றே போதும். முகம் மெல்லிய நிழல்களால் திரண்டு நிற்க, உடையைத் தளர்ந்த கோடுகளே காட்டுகின்றன.