பேஸ் கிட்டார் ஒலி: மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும்

பேஸ் கிட்டார் என்பது மேற்கத்திய மெல்லிசையிலும் திரையிசையிலும் மந்தர ஸ்தாயிச் சுரங்களை வாசிக்கப் பயன்படும் மின்னிசைக் கருவி. பொதுவாக நான்கு தந்திகள் கொண்டது. பாடலின் தாளத்துக்கும் சுரச்சேர்க்கைக்கும் இடையே பாலமாக நிற்பது இதுவே. ஆனால் இக்கருவியின் ஒலியை மேடையில் தெளிவாகக் கேட்கச் செய்வதும், ஒலிப்பதிவில் சிதையாமல் பிடிப்பதும் நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தன. 1930கள் முதல் 1970கள் வரை இதற்காக நடந்த முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

சிக்கலின் இயல்பு

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் 'இ' சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். பெரும்பாலான வீட்டு அறைகளும் சிறிய அரங்குகளும் இந்த அலைநீளத்தைவிடக் குறுகியவை. ஆகவே சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றுகூடி இரைச்சலாகவும், வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு வெறுமையாகவும் ஆகின்றன. ஒரே அரங்கில் முன்வரிசையில் இருப்பவருக்கு அதிரும் சுரம், நடுவில் இருப்பவருக்குக் கேட்காமல் போவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் மனிதச் செவி. தாழ்ந்த அதிர்வெண்களை நம் காது குறைவாகவே உணர்கிறது. நடுத்தர அதிர்வெண் கொண்ட ஒலிக்கு இணையாக ஒரு மந்தர சுரம் கேட்க வேண்டுமானால், அதற்குப் பல மடங்கு ஆற்றல் தேவைப்படும். 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சம உரப்பு வரைகோடுகள் இதை அளந்து காட்டின.

மூன்றாவது, கேட்கும் கருவி. சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே இயலாது. ஆனால் அந்தச் சுரத்தின் மேற்சுரங்களான 82, 123, 164 ஹெர்ட்ஸ் முதலியவை கேட்டால், மூளை இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். எனவே நல்ல பேஸ் ஒலி என்பது ஆழத்தை மட்டும் கூட்டுவதால் வருவதன்று. மேற்சுரங்களின் தெளிவும் வேண்டும். பின்னாளில் வெற்றி பெற்ற முறைகள் பலவும் ஏதோ ஒரு வகையில் இந்த உண்மையைப் பயன்படுத்தியவையே.

டபுள் பேஸிலிருந்து மின் பேஸுக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மந்தர சுரங்களை வாசித்தது ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபுள் பேஸ். பித்தளைக் கருவிகளும் டிரம்ஸும் முழங்கும் நடன இசைக்குழுக்களில் அதன் ஒலி அமுங்கிப்போனது. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930களின் நடுப்பகுதியில், கிட்டாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கக்கூடிய, மெட்டுக்கட்டைகள் பதித்த மின் பேஸ் ஒன்றை உருவாக்கினார். அது பரவலாகவில்லை.

1946இல் எவரெட் ஹல் என்ற டபுள் பேஸ் கலைஞர் வேறொரு வழியைத் தேடினார். கருவியைத் தரையில் தாங்கி நிற்கும் முளைக்குள் மைக் ஒன்றைப் பொருத்தி ஒலியைப் பெருக்கினார். 'ஆம்ப்ளிஃபைட் பெக்' என்ற அந்தப் பெயரின் சுருக்கமே பின்னாளில் புகழ்பெற்ற 'ஆம்பெக்' நிறுவனத்தின் பெயரானது.

திருப்புமுனை 1951இல் வந்தது. கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' பரவலாக விற்பனையான முதல் மின் பேஸ் கிட்டார். மெட்டுக்கட்டைகள் இருந்ததால் சுரம் பிசகாமல் துல்லியமாக வாசிக்க முடிந்தது. 'பிரிசிஷன்' என்ற பெயர் அதைக் குறித்தது. உடல் திண்மையான மரத்தாலானதால், ஒலியை உரக்க வைத்தாலும் டபுள் பேஸைப்போல எதிரொலித்து ஊளையிடவில்லை. அடுத்த ஆண்டு இதற்கென்றே 'பேஸ்மேன்' என்ற ஆம்ப் வெளியானது. லயனல் ஹாம்ப்டன் இசைக்குழுவில் மங்க் மான்ட்கோமரி இக்கருவியை வாசித்து, ஜாஸ் மேடைகளில் அதை அறிமுகப்படுத்தினார்.

நாஷ்வில்லின் இரட்டை பேஸ்

1950களில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஓர் எளிய உத்தி உருவானது. டபுள் பேஸ் வாசிக்கும் அதே சுரங்களை ஆறு தந்தி மின் பேஸிலும் உடன் வாசித்தனர். அதன் தந்திகளை உள்ளங்கையால் அழுத்தி ஒலியைக் குறுக்கி, மீட்டுத் தகட்டால் தட்டினர். அந்தத் 'டிக் டிக்' ஓசையால் இம்முறை 'டிக்-டாக் பேஸ்' எனப்பட்டது. டபுள் பேஸ் ஆழத்தைத் தந்தது. மின் பேஸ் சுரத்தின் தொடக்கத்தைத் தெளிவாக்கியது. கார் வானொலியிலும் பேஸ் வரிசை கேட்டது. ஹெரால்ட் பிராட்லி இம்முறையில் பெயர்பெற்றவர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கரோல் கே என்ற பெண் கலைஞரும் மீட்டுத் தகட்டையே பயன்படுத்தினார். தந்திகளின்மேல் கம்பளித் துணியை வைத்து நீட்டொலியை அடக்கினார். நீட்டொலி குறைந்தால் ஒரு சுரம் அடுத்த சுரத்தின்மேல் ஏறாது. ஒலிப்பதிவாளருக்கும் வேலை எளிதாகும்.

மோடவுன்: ஆம்ப் இல்லாத ஒலிப்பதிவு

டெட்ராய்ட் நகரில் ஒரு வீட்டை மாற்றியமைத்து நடத்தப்பட்டது மோடவுன் நிறுவனத்தின் 'ஸ்டுடியோ ஏ'. இடம் மிகக் குறுகலானது. கலைஞர்கள் அதைப் 'பாம்புக் குழி' என்று அழைத்தனர். அந்தச் சிறிய அறையில் கிட்டார்களும் பேஸும் தனித்தனி ஆம்ப்களில் முழங்கினால், அந்த ஒலி டிரம்ஸின் மைக்குகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். எனவே கருவியின் மின்குறிப்பை நேரடியாக ஒலிப்பதிவு மேசைக்கே கொண்டுசெல்லும் முறை அங்கு கையாளப்பட்டது.

இதற்கு உதவிய கருவியே 'டி.ஐ. பெட்டி'. பேஸ் கிட்டாரின் காந்தச் சுருளுக்கு மின்மறுப்பு அதிகம். அதை மைக்குக்கான உள்ளீட்டில் நேராகச் செருகினால் மேற்சுரங்கள் மங்கிவிடும். நீளமான கம்பியில் இரைச்சலும் சேரும். டி.ஐ. பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றி அந்த மின்மறுப்பைக் குறைத்து, இரைச்சல் சேராத சமநிலைக் கம்பி வழியே குறிப்பை அனுப்புகிறது. இன்றும் உலகெங்கும் மேடைகளில் பேஸ் கலைஞரின் காலடியில் கிடப்பது இந்தப் பெட்டிதான்.

மோடவுன் பாடல்களின் பேஸ் ஒலிக்கு உரியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டபுள் பேஸில் தொடங்கி 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பிரிசிஷனுக்கு மாறியவர். வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டினார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றுவதில்லை. பாலத்துக்கு அருகே வைத்த நுரைத் துண்டு நீட்டொலியைக் குறைத்தது. 'மை கேர்ள்' (1964), 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை எனஃப்' (1967) முதலிய பாடல்களில் ஒலிப்பது அவருடைய பேஸ்.

இருப்பினும் அன்றைய மோடவுன் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சிடப்படவில்லை. கோடிக்கணக்கானோர் காதில் விழுந்த ஒலிக்கு உரியவர் யாரென்று கேட்டவர்களுக்குத் தெரியாது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) தொகுப்பில்தான் அக்கலைஞர்களின் பெயர்கள் முறையாக இடம்பெற்றன. 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சன் 1983இல் காலமானார். 2000இல் ராக் அண்ட் ரோல் புகழ் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2002இல் வெளியான ஆவணப்படம் ஒன்று அவரையும் உடன் வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவினரையும் பரவலாக அறியச் செய்தது.

லண்டன்: ஒலிபெருக்கியே மைக் ஆனது

அமெரிக்க இசைத்தட்டுகளில் பேஸ் ஓங்கி ஒலிப்பதும் தங்கள் தட்டுகளில் அது மெலிந்திருப்பதும் பீட்டில்ஸ் குழுவினருக்குக் குறையாக இருந்தது. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. மந்தர சுரம் வலுவாக இருந்தால் இசைத்தட்டின் வரிப்பள்ளம் அகலமாக வளையும். மலிவான இசைப்பெட்டியின் ஊசி பள்ளத்திலிருந்து துள்ளிவிடும். அத்தகைய தட்டுகள் கடைக்குத் திரும்பி வரும் என்ற அச்சத்தால் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பேஸைக் கட்டுக்குள் வைத்தனர்.

1966 ஏப்ரலில் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாடலைப் பதிவு செய்தபோது, பொறியாளர் கென் டவுன்சென்ட் புதிய வழியைக் கையாண்டார். மைக்கும் ஒலிபெருக்கியும் அமைப்பில் ஒரே வகையானவை. ஒன்று ஒலியை மின்குறிப்பாகவும், மற்றது மின்குறிப்பை ஒலியாகவும் மாற்றுகிறது. எனவே பெரிய ஒலிபெருக்கி ஒன்றை பேஸ் ஆம்பின் ஒலிபெருக்கிக்கு எதிரே வைத்து, அதையே மைக்காகப் பயன்படுத்தினர். அதன் அகன்ற கூம்பு தாழ்ந்த அதிர்வெண்களை நன்கு வாங்கியது. இந்தப் பதிவின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக். தட்டு வெட்டும்போது ஊசி துள்ளாமல் காக்க இ.எம்.ஐ. பொறியாளர்கள் உருவாக்கிய தனிக் கருவியும் உதவியது.

அடுத்த ஆண்டு வெளியான 'சார்ஜென்ட் பெப்பர்' தொகுப்பில் பால் மெக்கார்ட்னி பல பாடல்களுக்கு மற்ற கருவிகள் பதிவான பின் பேஸைத் தனித் தடத்தில் வாசித்தார். பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு பேஸை அமைக்க முடிந்ததால், அது வெறும் துணையாக இல்லாமல் தனியொரு மெட்டாக வளர்ந்தது.

மேடையின் போராட்டம்

ஒலிப்பதிவுக் கூடம் முன்னேறிய வேகத்தில் மேடை முன்னேறவில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர்களிடமிருந்தவை 100 வாட் ஆம்ப்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பதே அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அக்குழு மேடைச் சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டது.

ஆம்பெக் நிறுவனம் 1960இல் வெளியிட்ட 'பி-15' ஆம்பின் ஆற்றல் 25 வாட் மட்டுமே. அதன் உருண்டு திரண்ட ஒலி ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஏற்றது. பெரிய மேடைக்குப் போதாது. அதே நிறுவனம் 1969இல் வெளியிட்ட 'எஸ்.வி.டி.' 300 வாட் ஆற்றல் கொண்டது. பத்து அங்குல ஒலிபெருக்கிகள் எட்டு அடங்கிய பெட்டி அதற்குத் துணையானது. ஒரே பெரிய கூம்பைவிடப் பல சிறிய கூம்புகள் விரைவாக அசைந்து, சுரத்தின் தொடக்கத்தைத் தெளிவாகத் தந்தன. அவ்வாண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இது பயன்பட்டது.

ஒலியைக் கூட்டாமலே கேட்கச் செய்யும் வழிகளும் பிறந்தன. 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து 1966இல் உருட்டுச் சுற்றுத் தந்திகளைச் செம்மைப்படுத்தினார். பியானோவைப் போலக் கணீரென்ற அவற்றின் மேற்சுரங்கள் கிட்டார் இரைச்சலை ஊடுருவின. டிரம்ஸ் இல்லாமல் தாயாருடன் மேடைகளில் வாசித்த லாரி கிரஹாம், கட்டைவிரலால் தந்தியைத் தட்டியும் மற்ற விரலால் சுண்டியும் டிரம்ஸின் வேலையைச் செய்தார். அதுவே 'ஸ்லாப்' முறையாக வளர்ந்தது.

1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு 'ஒலிச் சுவர்' என்ற மாபெரும் அமைப்பை மேடையில் நிறுவியது. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலிபெருக்கி வரிசை. ஃபில் லெஷின் பேஸுக்கோ ஒவ்வொரு தந்திக்கும் தனித் தடம். ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து சிதையாததால் தெளிவு வியப்பூட்டியது. ஆனால் அமைக்கவும் ஊர் ஊராகக் கொண்டுசெல்லவும் ஆன செலவைத் தாங்க முடியாமல் அதே ஆண்டில் அது கைவிடப்பட்டது.

இரு தடங்களை இணைத்தல்

இன்று மேடையிலும் கூடத்திலும் வழக்கமான முறை, டி.ஐ. தடத்தையும் ஆம்ப் முன்னுள்ள மைக்கின் தடத்தையும் சேர்ப்பது. முன்னது தெளிவையும் ஆழத்தையும், பின்னது ஆம்பின் தன்மையையும் தருகிறது. இதில் ஒரு பொறி உண்டு. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். மைக் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், இரு தடங்களும் சேரும்போது சுமார் 170 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று அழிக்கும். தனித்தனியே நன்றாக இருந்த இரு ஒலிகள் சேர்ந்ததும் மெலிந்துபோவது இதனால்தான். மைக்கை நெருக்கமாக வைப்பதும், டி.ஐ. தடத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதும், முனைமாற்றப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் தீர்வுகள்.

பேஸின் உரப்பு சுரத்துக்குச் சுரம் ஏறி இறங்குவதால், அதைச் சமன்செய்ய கம்ப்ரஸர் பயன்படுகிறது. டிரம்ஸின் காலடி டிரம்மும் பேஸும் ஒரே அதிர்வெண் பகுதிக்குப் போட்டியிடுவதால், ஒன்றுக்கு இடம் விட்டு மற்றதைச் செதுக்குவது ஒலிக்கலவையாளரின் முதன்மையான பணி.

தமிழ்த் திரையிசையில்

1970களின் பிற்பகுதி முதல் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார், பல்லவியின் மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனித்து நடப்பதைக் கேட்கலாம். அவருடைய குழுவில் பல பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமானின் பல பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்துள்ளார். மோடவுனைப் போலவே இங்கும், பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் இசைத்தட்டில் இடம்பெற்ற காலத்தில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பிந்தைய ஆண்டுகளில் குறுந்தகடு உறைகளில் அவை அச்சிடப்படத் தொடங்கின.