புதுவைத் தெருக்கள் சொல்லும் வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றை நூல்களிற் படிப்பது ஒரு வகை. அதன் தெருக்களிற் கால்நடையாகச் சென்று படிப்பது மற்றொரு வகை. ஆளுநர்களும் தளபதிகளும் செய்த போர்களை நூல்கள் விரித்துரைக்கும். அப்போர்களுக்கு நடுவே யார் நெய்தார்கள், யார் விற்றார்கள், யார் எங்கே கூடித் தொழுதார்கள், யார் எந்தத் திண்ணையில் அமர்ந்து பேசினார்கள் என்பவற்றைத் தெருக்களே சொல்லும். இவ்விரண்டாம் வகைப் படிப்புக்குப் புதுச்சேரியைப் போல் ஏற்ற நகரம் சோழமண்டலக் கரையில் வேறொன்று உண்டா என்பது ஐயமே. பழைய புதுவையை ஒரு முற்பகலில் நடந்தே சுற்றி வந்துவிடலாம்.

இந்நகரை நாம் பலமுறை சுற்றி வந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. உலகமெல்லாம் இதனைப் பிரெஞ்சு நகரம் என்று புகழ்கின்றதே, இதில் நம் முன்னோரின் பங்கு யாது? அந்த வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நேர்கோட்டுத் தெருக்கள்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-ஆம் ஆண்டில் தோன்றியது. பத்தாண்டுகளுக்குப் பின், 1674-இல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் அதன் பண்டகசாலையை நிலைபெறச் செய்தார். அதற்கு இடம் தந்தவர் யார் என்பதைப் பலர் அறியார். பீஜப்பூர் சுல்தானின் சார்பில் வாலிகண்டபுரத்திலிருந்து இப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோதியே அவர். ஆக, பிரெஞ்சுப் புதுவையின் முதற்பக்கத்திலேயே ஒரு முஸ்லிம் ஆட்சியாளரின் அனுமதி இருக்கின்றது.

புதுவையின் தெருக்கள் சதுரங்கப் பலகையைப் போல ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்வதைக் கண்டு வியப்போர், அதனைப் பிரெஞ்சுக்காரரின் கைவண்ணம் என்றே எண்ணுவர். உண்மையில் அத்திட்டத்தை முதலில் வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் நகரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்த அவர்கள் வகுத்த வீதியமைப்பையே, நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் பின்பற்றி வளர்த்தனர். நகரை இரண்டாகப் பிரித்து ஓடிய பெரிய வாய்க்காலின் கிழக்கே வெள்ளையர் குடியிருப்பு. மேற்கே தமிழர் குடியிருப்பு.

வாய்க்காலின் கிழக்குக் கரையில் நடந்தால், உயர்ந்த மதில்களும் மஞ்சளும் வெண்மையும் பூசிய சுவர்களும் பூட்டிய பெருங்கதவுகளுமே கண்ணிற்படும். வாழ்க்கை மதிலுக்கு உள்ளே நடக்கின்றது. மேற்குக் கரைக்கு வந்தால் காட்சி மாறிவிடுகின்றது. வீட்டுக்கு முன்னே மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதன்பின் திண்ணை, அதற்கும் உள்ளே முற்றம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்குவதற்கென்றே கட்டப்பட்டவை போல் அத்தாழ்வாரங்கள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. வெள்ளையர் நகரின் அழகைப் படம் எடுப்போர் பலர். இந்தத் தாழ்வாரத்தின் அருமையை எண்ணுவோர் சிலரே.

கடற்கரைச் சின்னங்கள்

காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பது புதுவை மக்களின் நெடுநாள் வழக்கம். சிவப்புக் கெப்பி அணிந்த காவலர், சைக்கிளில் ரொட்டி கொண்டு செல்லும் ஆள், இரும்புக் குண்டுகளை உருட்டிப் பெத்தாங் ஆடும் முதியவர்கள், முன்னாள் பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து ஓய்வூதியம் பெற்று வந்த 'சொல்தா'க்களின் குடும்பத்தார் எனப் பழைய ஆட்சியின் எச்சங்கள் இன்னும் இங்கே உயிரோடு உலவுகின்றன.

1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் அங்கே நிற்கின்றது. முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவுச் சின்னமும் நிற்கின்றது. செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட கற்றூண்களின் நடுவே இன்று காந்தியடிகளின் சிலை உள்ளது. 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்து, தென்னாட்டையே பிரெஞ்சுக் கொடியின் கீழ்க் கொணரக் கனவு கண்ட தூப்ளேக்கு 1870-இல் எழுப்பிய சிலையோ இடம் பெயர்க்கப்பட்டுச் சாலையின் தென்கோடியில் ஒதுங்கி நிற்கின்றது. அவர் பெயர் தாங்கிய வீதியும் ஜவஹர்லால் நேரு வீதியாகிவிட்டது. அவர் இருந்து ஆண்ட கோட்டையைத் தேடினால் அதுவும் இல்லை. 1761-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் நகர் ஆங்கிலேயர் கைக்கு வீழ்ந்தது; கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. இன்று நாம் காணும் வெள்ளையர் நகரின் பெரும்பகுதி, 1765-க்குப் பின் லா தெ லொரிஸ்தோன் காலந்தொட்டுப் புதிதாக எழுந்ததே.

அருகிலுள்ள பூங்காவில் வெண்ணிற ஆயி மண்டபம் இருக்கின்றது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்தது அது. அந்நீர்நிலையை அமைத்தவள் ஆயி என்னும் தாசி என்பது செவிவழிக் கதை. பேரரசன் காலத்துச் சின்னம் தண்ணீர் தந்த ஓர் எளிய பெண்ணின் பெயரால் வழங்குகின்றது. கோட்டை கட்டியவனை மறந்த ஊர் குளம் வெட்டியவளை மறக்கவில்லை.

நாட்குறிப்பில் ஒரு நிகழ்ச்சி

கடற்கரையை விட்டு மேற்கே சென்று கடைத்தெருவை அடைந்தால், பெரிய மார்க்கெட்டின் அருகே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை உள்ளது. கீழ்த்தளம் தமிழர் முறை. மேல்தளம் பிரெஞ்சு முறை. தூப்ளேயின் துபாஷாக விளங்கிய பிள்ளை 1736 முதல் தாம் மறைந்த 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அக்காலப் புதுவையை அறிய நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். நகர் வீழ்வதற்கு நான்கு நாள் முன்பு அவர் காலமானார்.

அந்நாட்குறிப்பில் 1748-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத நிகழ்ச்சி ஒன்று நம்மைப் பெரிதும் சிந்திக்க வைக்கின்றது. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நேரம் அது. மிஷன் வீதியில் பாதிரிமாரின் கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் அப்போது இடிக்கப்பட்டது. கூடவே பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்கும் எண்ணம் எழுந்தது. சிப்பாய்களின் தலைவராயிருந்த அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் நேரே சென்று, பள்ளியில் கை வைத்தால் சிப்பாய்கள் பொறுத்திரார் என்று எச்சரித்தார். அவ்வெண்ணம் கைவிடப்பட்டது.

இதனைப் படிக்கும்போது நமக்குப் பெருமிதம் தோன்றுவது இயல்பே. ஆயின் அவ்விடத்திலேயே நின்றுவிடலாகாது. நம் பள்ளி தப்பியது, நம்மவர் கையில் துப்பாக்கி இருந்ததால். ஆளுநருக்கு அத்துப்பாக்கிகள் தேவைப்பட்டதால். அண்டை வீட்டாரின் ஆலயம் வீழ்ந்தது, அவர்கள் கையில் ஆயுதம் இல்லாததால். அவர்கள் முறையிட்டனர், அழுதனர், பயன் இல்லை. பிற்காலத்தில் வேறிடத்தில் அவ்வாலயம் மீண்டும் எழுந்தது. அப்துர் ரஹ்மானின் துணிவை நினைக்கும் நாம், அன்று ஆலயத்தை இழந்து நின்றோரின் துயரையும் சேர்த்தே நினைத்தால்தான் அது வரலாற்று அறிவாகும். இல்லையேல் வெறும் குலப்பெருமையாகும்.

காஜியார் வீதியில்

நகரின் தென்பகுதியில் காஜியார் வீதி, முல்லா வீதி முதலியன நம் மக்கள் தொன்றுதொட்டு வாழும் தெருக்கள். குத்பாப் பள்ளியும் மீராப் பள்ளியும் இப்பகுதியின் பழம்பெருஞ் சின்னங்கள். வைகறையில் பாங்கோசை கேட்டுப் பெரியவர்கள் கைத்தடியுடன் பள்ளிக்கு நடப்பதும், ரமளானில் அஸருக்குப்பின் சிறுவர்கள் தூக்குச் சட்டியுடன் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்பதும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெரு முழுவதும் வெள்ளுடையாய்ப் பொலிவதும் இங்கே காணும் காட்சிகள். சில வீடுகளின் வாயிலில் நின்று நோக்கினால், தமிழ்த் தச்சன் செதுக்கிய கதவும் பிரெஞ்சு வளைவுச் சாளரமும் ஒரே சுவரில் இணைந்திருக்கும்.

இத்தெருக்களின் பெயர்களை நோக்குங்கள். காஜி என்பவர் வழக்குத் தீர்ப்பவர். முல்லா என்பவர் ஓதிக் கொடுப்பவர். நீதியும் கல்வியுமே இங்கே தெருப்பெயர்களாயின. ஆளுநர்களின் பெயர் தாங்கிய வீதிகள் பல பெயர் மாறின, இவை மாறவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நகர் நம்மவர்க்கு அடைக்கலமாகவும் இருந்தது. 1740-ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரை எதிர்த்து ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலி வீழ்ந்தபோது, அவர்தம் குடும்பத்தாரும் சந்தா சாகிபுவின் மனைவி மக்களும் புதுவையில் வந்து தங்கினர். அவர்களை ஒப்படைக்கும்படி ரகோஜி போன்ஸ்லே கேட்டும் ஆளுநர் துய்மா மறுத்துவிட்டார். அக்குடும்பம் பின்னர்ப் பிரெஞ்சு அரசியலின் பகடைக்காயாக உருட்டப்பட்டது வேறு கதை. எனினும் அடைக்கலம் புகுந்தோரைக் காட்டிக் கொடாத அச்செயல் நினைக்கத் தக்கது.

1736-இல் புதுவையில் ரூபாய் அச்சிடும் உரிமை பிரெஞ்சுக்காரர்க்குக் கிடைத்தது. பிரெஞ்சுக் கம்பெனி வெளியிட்ட அந்த ரூபாயில் பிரெஞ்சு எழுத்து ஒன்றேனும் இல்லை. மொகலாயப் பேரரசர் முஹம்மது ஷாவின் பெயர் பாரசீக எழுத்தில் பொறிக்கப்பட்டது. புதுவையில் அடித்தது என்பதற்கு அடையாளம் ஒரு பிறை!

கடல் கடந்த உறவு

புதுவையின் செல்வத்துக்குத் துணியே அடிப்படை. அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி 'கினே' என்ற பெயரில் பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரை வரை சென்றது. அங்கே கருவேலப் பிசின் வாணிகத்தில் அத்துணியே நாணயம் போல் வழங்கியது. பாலைவனத்து மூர் மக்கள் அதனை விரும்பி அணிந்தனர். புதுவைப் பகுதியில் நெய்து சாயமேற்றிய துணியை உடுத்தி, சகாராவின் விளிம்பில் ஒரு முஸ்லிம் தொழுது நின்றிருப்பான் என்று எண்ணுகையில் உலகம் எவ்வளவு சிறியது என்று தோன்றுகின்றது.

பிற்காலத்தில் புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோன் நகரில் துணிக்கடைகளும் வட்டார வாணிகமும் நம் தமிழ் முஸ்லிம்களுக்கு வாழ்வளித்தன. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் ஹோசிமின் நகரின் நடுவே நிற்கின்றது. அங்கிருந்து வந்த பொருளில் இங்கே மாடிவீடுகள் எழுந்தன, நிக்காஹ்கள் நடந்தன. வியட்நாம் போர் முடிந்த 1975-ஐ ஒட்டிப் பலர் அனைத்தையும் விட்டுத் திரும்பினர்; சிலர் பிரான்சுக்குச் சென்றனர்.

சட்டத்திலும் இந்நகர் தனித்தன்மை கொண்டது. இந்தியரை அவரவர் சட்டப்படியும் வழக்கப்படியுமே தீர்க்க வேண்டும் என்று 1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஆணை உறுதி செய்தது. தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு 1881-ஆம் ஆண்டு ஆணை வழிவகுத்தது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அதன்பின் ஆறு திங்களுக்குள் விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது ஒப்பந்தம். ஒரே குடும்பத்தில் சிலர் பிரெஞ்சுக் குடிமக்களாகவும் சிலர் இந்தியக் குடிமக்களாகவும் இருப்பதன் காரணம் இதுவே. இணைப்புக்குப் பின் 1967-இல், முப்பது வயது நிரம்பாத ஃபாரூக் மரைக்காயர் புதுவையின் முதலமைச்சரானதும் நம்மவரின் பொதுவாழ்வுப் பங்குக்குச் சான்று.

நம் கடமை

ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்ததால்தான் அப்துர் ரஹ்மானின் பெயரையே நாம் அறிகின்றோம். அச்சிப்பாய்களுள் ஒருவரும் எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்திலது. நம் வரலாறு பிறர் எழுதிய ஏட்டின் ஓரத்தில்தான் இருக்கின்றது. இது பெருங்குறை.

இன்று பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. பாகப்பிரிவினையும் பழுதுபார்க்கும் செலவும் அதற்குக் காரணங்கள். அவ்வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயின் வீடு இடிபடும்போது, பரணிலிருந்த மரப்பெட்டியும் அதனுள் இருந்த பிரெஞ்சு மொழிப் பத்திரங்களும் சைகோன் கடிதங்களும் பழைய காகிதக் கடைக்குப் போகின்றனவே, அதனைத் தடுக்க நம்மால் இயலும். அப்பெட்டியைத் திறந்து பாருங்கள். எழுத்துப் புரியாவிடில் புரிந்தவரிடம் காட்டுங்கள். ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகளைக் கறையானுக்கு விடாமல் படியெடுத்து வையுங்கள். சைகோனில் பிறந்து இங்கே முதுமையில் இருக்கும் பெரியம்மாக்களை அமர்த்தி, அவர்கள் கண்டதைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். வைசியாள் வீதியின் பழைய முகப்புகளைப் புதுப்பித்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் பாராட்டுக் கிடைத்தது; காஜியார் வீதிக்கும் முல்லா வீதிக்கும் அத்தகுதி உண்டு.

கோட்டை போயிற்று, அதைக் கட்டியவர் எழுதி வைத்ததால் அதன் வரலாறு நின்றது. நம் தெருக்கள் நின்றன. அவற்றின் வரலாற்றை நாம்தாம் எழுத வேண்டும். அதனை இத்தலைமுறையிலேயே தொடங்குவோமாக.