மாமாவோட ரா ஃபைல்களும் ஒரு சி ஃபைலும்

போன எபிசோட்ல பழைய ஹார்ட் டிஸ்க் பத்திப் பேசினோம். அதுல இருந்து கிளம்பின ஒரு கதைதான் இன்னைக்கு.

2006-ல என் தாத்தா பாட்டிக்கு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். எனக்கு அப்போ எட்டு வயசு. மாமா புதுசா ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்கியிருந்தார், குடும்பத்துக்கே அவர்தான் போட்டோகிராஃபர். ஆனா மண்டபம் முழுக்க மஞ்சள் பல்பு, கேமரா செட்டிங்கோ வெயிலுக்கு வச்சது. ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தப்போ எல்லாரும் மஞ்சள்ல குளிச்ச மாதிரி இருந்தாங்க. பாட்டியோட பட்டுப்புடவை அழுக்குக் கறுப்பா விழுந்திருந்தது. "அது எம்எஸ் ப்ளூ டா"னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நாங்க யாரும் நம்பினதில்ல.

போன வருஷம் பாட்டி தவறிட்டாங்க. ஃபிரேம் போட ஒரு நல்ல படம் வேணும்னு தேடினப்போ, மாமாவோட ஹார்ட் டிஸ்க்ல 'ரா'னு ஒரு ஃபோல்டர். கிட்டத்தட்ட இருநூறு ஃபைல். டபுள் கிளிக் பண்ணினா எதுவும் திறக்கல. "கேமராவோட ஒரு சிடி வந்துச்சு, எங்கயோ இருக்கும்டா"ன்னார் மாமா. சிடி கிடைச்சது. என் லேப்டாப்ல சிடி டிரைவ் இல்ல. நண்பன்கிட்ட டிரைவ் கடன் வாங்கினா, இன்ஸ்டாலேஷன் பாதியில நின்னுடுச்சு. எந்தக் கம்பெனினு சொல்லல. இருபது வருஷத்துக்கு முந்தின சிடி, யாரோடதா இருந்தாலும் இந்தக் கதிதான்.

இங்க ஒரு நிமிஷம் நின்னு, ரா ஃபைல்னா என்னனு பார்த்துடலாம். கேமரா சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தோட அளவு மட்டும்தான் தெரியும். அதனால ஒவ்வொரு பிக்சல் மேலயும் ஒரு கலர் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கோடாக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் வாங்கின காப்புரிமை இது, வருஷம் 1976. இன்னைக்கும் பெரும்பாலான கேமராவுல இதே கட்டம்தான். ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தை அளக்குது. மத்த ரெண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சலைப் பார்த்து மென்பொருள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கணும். ஜேபெக்னா அந்தக் கணக்கைக் கேமராவே முடிச்சு, ஒரு நிறத்துக்கு 256 படிகளா சுருக்கித் தந்துடும். ரா-ல கணக்குப் போடாத எண்கள் அப்படியே இருக்கும், 12 பிட்னா 4096 படி. ஒயிட் பேலன்ஸ்ங்கிறது சிவப்பையும் நீலத்தையும் எதால பெருக்கணும்னு சொல்ற ரெண்டு எண், அவ்வளவுதான். ரா-வுல அது ஒரு ஓரத்துல குறிப்பா எழுதியிருக்கும். படத்தோட கலந்திருக்காது, எப்போ வேணும்னாலும் மாத்தலாம்.

சிக்கல் என்னன்னா, இந்த எண்களை எந்த வரிசையில எப்படி அடுக்கியிருக்குனு பெரும்பாலான கம்பெனிகள் வெளிய சொல்லல. ஒவ்வொண்ணுக்கும் தனி வடிவம், சில நேரம் மாடலுக்கு மாடல் வேற. நீங்க எடுத்த படம், ஆனா திறக்கற வழி அவங்ககிட்ட.

1997-ல டேவ் காஃபின்ங்கிற அமெரிக்க புரோகிராமர் இதுக்காக ஒரு சி புரோகிராம் எழுத ஆரம்பிச்சார். பேரு டிசிரா. எந்தக் கேமராவோட ரா ஃபைலா இருந்தாலும், எந்தக் கம்ப்யூட்டர்லயும், எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துலயும் திறக்கணும், இதுதான் நோக்கம். கம்பெனி சொல்லித்தராத வடிவங்களை பைட் பைட்டா பார்த்து அவரே கண்டுபிடிச்சார். 2018 வரைக்கும் புது வெர்ஷன் வந்தது. நான் அந்தக் கோடைத் திறந்து பார்த்தேன். பத்தாயிரம் வரிக்குப் பக்கத்துல, மொத்தமும் ஒரே ஃபைல். ஒற்றை எழுத்து வேரியபிள்கள், கமென்ட் ரொம்பக் கம்மி. எங்க ஆபீஸ் கோட் ரிவ்யூவுக்கு வந்தா முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்போம். ஆனா அந்தக் கோடை எடுத்துத்தான் லிப்ரா வந்தது, லிப்ராவை நம்பி இன்னும் எத்தனையோ மென்பொருள் ஓடுது.

2005-ல ஒரு பெரிய சண்டை. நிக்கான் டி2எக்ஸ் கேமராவுல ஒயிட் பேலன்ஸ் குறிப்பை மட்டும் என்க்ரிப்ட் பண்ணியிருந்தாங்க. இதைப் பொதுவெளியில போட்டு உடைச்சவர் தாமஸ் நோல். அண்ணன் தம்பி ரெண்டு பேரா ஃபோட்டோஷாப்பை உருவாக்கினாங்களே, அதுல ஒருத்தர். அடோபியோட கேமரா ரா மென்பொருளும் அவர் எழுதினதுதான். பூட்டை உடைச்சா அமெரிக்காவோட டிஎம்சிஏ சட்டப்படி வழக்கு வரலாம்னு அடோபி தயங்குச்சு. நிக்கானோ, இது எங்க சொந்த வடிவம், தகுதியான மென்பொருள் நிறுவனங்கள் விண்ணப்பிச்சா டெவலப்பர் கிட் தர்றோம்னு சொன்னாங்க. வீட்டுல உட்கார்ந்து எழுதற தனி ஆளுக்கு அதுல என்ன இடம்?

காஃபின் அதை உடைச்சுட்டார். சாவி என்ன தெரியுமா? கேமராவோட சீரியல் நம்பரும், ஷட்டர் எத்தனை தடவை திறந்திருக்குங்கிற எண்ணிக்கையும். ரெண்டும் அதே ஃபைல்லயே பூட்டு இல்லாம இருக்கு! வீட்டைப் பூட்டிட்டு சாவியை நிலைப்படி மேல வச்சுட்டுப் போற மாதிரி. சில மாசத்துல அடோபியும் நிக்கானும் சமரசம் ஆகிட்டாங்க. ஆனா அன்னைக்குப் பூட்டினது எதைன்னு யோசிச்சுப் பாருங்க. எங்க பாட்டி புடவை என்ன கலர்னு சொல்ற அந்த ரெண்டு எண்ணை.

அடோபி 2004-லயே டிஎன்ஜினு ஒரு பொது வடிவத்தை வெளியிட்டிருந்தது. சில கம்பெனிகள் எடுத்துக்கிட்டாங்க, கேனானும் நிக்கானும் தங்களோட சொந்த வடிவத்துலயே இருந்துட்டாங்க.

"எந்த சாஃப்ட்வேர் ப்ரோ நல்லது?"னு நிறைய மெயில் வருது. அதுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. ஆப்பிள் 2005-ல அபர்ச்சர்னு ஒண்ணு கொண்டுவந்தது, அழகான மென்பொருள். அடோபியோட லைட்ரூம் 2007-ல வந்தது. 2014-ல ஆப்பிள் அபர்ச்சரை நிறுத்தறதா அறிவிச்சது. ரா ஃபைல்கள் பத்திரமா இருந்துச்சு. ஆனா வருஷக்கணக்கா உட்கார்ந்து பண்ணின எடிட்டிங், அதாவது 'வெளிச்சம் இவ்வளவு கூட்டு, நிழலை இவ்வளவு தூக்கு'ங்கிற கட்டளைகள், அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும். வேற எதுவும் அதை முழுசா படிக்காது. லைட்ரூமை இப்போ புதுசா வாங்கணும்னா மாசச் சந்தாதான். தரத்துல எனக்குக் குறையே இல்ல, பழைய கேமரா ஃபைலையும் நல்லாவே திறக்கும். எனக்குப் பிடிக்காதது மாசாமாசம் கட்டற வாடகைதான்.

நான் எடுத்தது டார்க்டேபிள். 2009-ல ஆரம்பிச்ச திறமூல மென்பொருள். ரா தெரபின்னு இன்னொண்ணும் இருக்கு, அதுவும் இலவசம். டார்க்டேபிள் முதல் வாரம் படுத்தி எடுக்கும், மாட்யூல்களைப் பார்த்தாலே தலை சுத்தும். ஆனா என்னோட எடிட்டிங்கை ரா ஃபைல் பக்கத்துலயே ஒரு எக்ஸ்எம்பி ஃபைலா, வெறும் எழுத்தா வைக்குது. நோட்பேட்ல திறந்து பார்க்கலாம். நாளைக்கு டார்க்டேபிள் நின்னுபோனாலும் சோர்ஸ் கோட் கையில இருக்கும். எனக்கு அது போதும்.

மாமாவோட ஃபோல்டரை அதுல போட்டேன். இருநூறும் திறந்துச்சு. மாலை மாத்தற படத்தை எடுத்து, தாத்தா வேட்டியோட வெள்ளையைக் காட்டி, 'இதுதான் வெள்ளை'னு ஒரு கிளிக். மஞ்சள் மொத்தமா இறங்குச்சு. லேப்டாப்பை அப்படியே சமையலறைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

அம்மா கையைத் துடைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நான்தான் சொன்னேன்ல, எம்எஸ் ப்ளூன்னு."