இணையத்தில் ஒண்டுக்குடித்தனம்

சின்ன வயதில் திருநெல்வேலியில் நாங்கள் இருந்த வளவில் ஏழு குடித்தனம். வாசல் ஒன்று, கிணறு ஒன்று. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் மற்ற ஆறு வீட்டுக்கும் தண்ணீர் தட்டுப்பாடு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் பாத்திரம் பண்டங்களோடு கிளம்ப வேண்டியதுதான்.

இணையத்தில் நாம் எழுதி வைப்பதெல்லாமும் இப்படி ஒரு வளவில்தான் குடியிருக்கிறது. அந்த வாடகைத் தொழிலுக்குப் பெயர் வெப் ஹோஸ்டிங். வங்கியில் காலம் தள்ளிய எனக்கு இது தாமதமாகத்தான் விளங்கியது. விளங்கிய கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் இணையதளத்துக்கு வாடகை வீடு தேவைப்படவில்லை. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990 கடைசியில், டிம் பெர்னர்ஸ் லீ தம் மேஜை மேல் இருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டரிலேயே அதை வைத்திருந்தார். இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று கையால் எழுதி அதன் மேல் ஒட்டியும் வைத்தார். ஹோஸ்டிங் தொழிலின் மொத்த சாரமும் அந்தச் சீட்டில் இருக்கிறது. இரவு பகல் அணையாத ஒரு இயந்திரம், அதற்கு மின்சாரம், சூடு தணிக்கக் குளிர்சாதனம், வெளியுலகத்தோடு பெரிய இணைப்பு, பழுதானால் நடுராத்திரியில் எழுந்து பார்க்க ஓர் ஆள். இதெல்லாம் தனி மனிதனுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் வாடகை.

பலர் குழம்புவது ஒரு இடத்தில். தளத்தின் பெயர் வேறு, தளம் இருக்கும் இடம் வேறு. பெயர் என்பது கதவு இலக்கம் மாதிரி; அதற்கு ஆண்டுக் கட்டணம் தனி. இடத்துக்கு வாடகை தனி. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனி ஐ.பி. எண் தேவைப்பட்டது. 1997ல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 என்ற விதிமுறையில், எந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும் என்று பிரவுசரே சர்வரிடம் பெயர் சொல்லிக் கேட்கும் ஏற்பாடு வந்தது. ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியேறலாம் என்றானது. ஒண்டுக்குடித்தனம் பெருகியது, வாடகை மலிந்தது.

இதில் வங்கிக்காரனுக்கு உடனே பிடிபடும் கணக்கு ஒன்று உண்டு. டெபாசிட் போட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் பணம் கேட்டு வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வங்கி நடக்கிறது. ஹோஸ்டிங் கம்பெனியும் அப்படியே. இருக்கும் இடத்தை விட அதிகமாக விற்கும். முக்கால்வாசிப் பேர் கால்வாசி இடத்தைக்கூட நிரப்ப மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். இன்னொரு வகையும் உண்டு: உள்வாடகை. சொந்தமாக ஒரு சர்வர்கூட இல்லாமல், பெரிய கம்பெனியிடம் மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விடுபவர்கள்.

வாடகையே வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1994ல் கலிபோர்னியாவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் தொடங்கிய கம்பெனிதான் பிறகு ஜியோசிட்டீஸ் ஆனது. அங்கே பேட்டைகள் உண்டு. சினிமா ரசிகருக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர்காரருக்கு சிலிக்கான் வேலி, இலக்கியமும் தத்துவமும் பேசுவோருக்கு ஏதென்ஸ். காலி மனையைத் தேர்ந்தெடுத்து, இலக்கம் வாங்கிக் குடியேறலாம். காசு கிடையாது. 1997ல் விளம்பரங்கள் நுழைந்தன. இலவச மனைக்கு யாராவது காசு கொடுத்துத்தானே ஆக வேண்டும்!

1999 ஜனவரியில் யாஹூ அதைச் சுமார் 357 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு கோடையில் வந்த புது நிபந்தனைகளைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். குடியிருப்பவர் எழுதியதன் மீதும் கம்பெனிக்கு உரிமை என்பது போல் இருந்தது. பலர் காலி செய்து போனார்கள். எதிர்ப்பு வலுத்ததும் யாஹூ நிபந்தனைகளைத் திருத்தியது. ஆனால் செலவுக்கு ஏற்ற வரவு வரவில்லை. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்க ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. ஜப்பானில் மட்டும் 2019 மார்ச் வரை ஓடியது.

இடிக்கும் முன்பு ஒரு கூட்டம் ஓடி வந்தது. ஜேசன் ஸ்காட் முன்னின்ற ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள், முடிந்த மட்டும் பக்கங்களை நகலெடுத்து, 2010ல் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். பூனைப் படமும் மினுமினுக்கும் எழுத்தும் யாருக்கு வேண்டும் என்று சிரித்தவர்கள் உண்டு. சாதாரண ஜனங்கள் முதல் முறையாகத் தாமே எழுதி உலகத்துக்குக் காட்டியவை அவை. அந்தக் காலத்தின் கல்வெட்டு என்றே சொல்வேன்.

இனி என் கதை. என் அண்ணன் ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் ஊர்க் குளத்தின் கதையை இணையத்தில் எழுதினார். யார் வெட்டியது, மடை எத்தனை, எந்த வருஷம் உடைந்தது என்று வயசாளிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியது. சிறிய கம்பெனி ஒன்றில் ஆண்டு வாடகை. அது உள்வாடகைக்காரர் என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணன் போன மறு வருஷம் பார்க்கிறேன், பக்கம் திறக்கவில்லை. வாடகை கட்டித்தான் இருந்தது. போன் எடுக்க ஆள் இல்லை. அவர் எனக்குப் படித்துப் பார்க்க அச்செடுத்துக் கொடுத்த மூன்று தாள்கள் மட்டும் மிச்சம். மடைகளின் பெயர் இருந்த பக்கம் அதில் இல்லை. சொன்ன பெரியவர்களும் இப்போது இல்லை.

கம்பெனியைத் திட்டி என்ன பயன்? வாடகை வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, சாவியும் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும் என்று இருந்தது நாங்கள்தான்.

இந்தப் பதிவும் வாடகை இடத்தில்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கி, மகளிடம் ஒரு நகல் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் எதையாவது எழுதி வைத்திருந்தால், இன்று சாயங்காலமே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.