தொண்டை மருந்தும் டூக்கோ பெயிண்டும்

தேனி, போடி, கம்பம் பக்கத்துப் பழைய தேக்குக் கதவுகளுக்கு அந்தக் காலத்தில் பாலீஷ்தான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார்கள். பளபளப்பு வர நாள்கணக்காகும்.

பிறகு வந்தது ஸ்ப்ரே கன். அதன் பூர்வீகம் மருத்துவம். அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், தொண்டைக்கு மருந்து தெளிக்க 1888இல் ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907இல் அதே முறையில் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். 1920களில் டூபான்ட் கம்பெனி, கார்களுக்காகச் சீக்கிரம் காயும் டூக்கோவைக் கொண்டுவந்தது. இன்றும் நம்மூரில் மரத்துக்கு ஸ்ப்ரே அடிப்பதைப் பலர் 'டூக்கோ' என்றே சொல்கிறார்கள்.

ஆனால் நம் பள்ளத்தாக்கின் சாரல் இதற்குச் சத்துரு. தின்னர் சட்டென ஆவியாகும்போது பலகை குளிரும். ஈரக்காற்று அதில் படிந்து வெள்ளை பூக்கும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மெல்லிசாகப் பல கை அடித்தாலும், காற்று காய்ந்திருக்க வேண்டும். பழைய அரக்குப் பாலீஷுக்கும் இதே விதிதான்.

ஆகவே ஆனி, ஆடியில் பெயிண்டர் "வெயில் வரட்டுங்க, நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்றால், சோம்பேறி என்று திட்டிவிடாதீர்கள். அவர் உங்கள் கதவைக் காப்பாற்றுகிறார்.