மார்செய் சோப்பு பிறந்த கதை

வட ஐரோப்பாவில் சோப்புக்கு மாட்டுக் கொழுப்பை உருக்கினார்கள். விறகுச் சாம்பலின் பொட்டாஷில் காய்ச்சியதால் அது கூழாகவே நின்றது. மத்தியதரைக் கடலோரத்தில் ஆலிவ் எண்ணெய் கிடைத்தது. உப்புநிலச் செடிகளை எரித்த சாம்பலில் சோடா கிடைத்தது. இரண்டும் சேர்ந்தபோது கெட்டியான கட்டி சோப்பு உருவானது. பிரான்சின் மார்செய் துறைமுகம் அந்தத் தொழிலில் பெயர் பெற்றது.

அந்தப் பெயரைக் காக்க 1688இல் பதினான்காம் லூயி மன்னர் ஆணையிட்டார். வெண்ணெயோ விலங்குக் கொழுப்போ கலக்கக் கூடாது, தூய ஆலிவ் எண்ணெய் மட்டுமே; மீறினால் சரக்கு பறிமுதல். வெயிலில் தரம் கெடும் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோப்புக் காய்ச்சும் கொப்பரைகளுக்கு ஓய்வு.

மார்செயில் எண்ணெயையும் சோடாக் காரத்தையும் நாள்கணக்கில் காய்ச்சுவார்கள். உப்பு சேர்த்ததும் சோப்பு மேலே திரளும். மிஞ்சிய காரம் கிளிசரினோடு அடியில் இறங்கும். அதை வடித்து, சோப்பைத் திரும்பத் திரும்பக் கழுவி, தளத்தில் பரப்பி, ஆறியதும் வெட்டுவார்கள்.

கொழுப்புக்குக் கொழுப்பு சோப்பு ஏன் மாறுகிறது? கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று வேதியியலாளர் செவ்ரோல் தம் 1823ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். மாட்டுக் கொழுப்பின் ஸ்டியரிக், பால்மிடிக் அமிலங்கள் கட்டிக்கு உறுதி தருகின்றன. ஆலிவ் எண்ணெயின் ஒலியிக் அமிலம் மென்மை தருகிறது; தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் நுரை பொங்க வைக்கிறது.

இந்த அறிவு வளர்ந்த நூற்றாண்டிலேயே வெப்ப நாடுகளின் எண்ணெய் வித்துகளும் மார்செய்க்கு வந்து குவிந்தன. தென்னார்க்காட்டு மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், புதுச்சேரியில் கப்பலேறி அங்கே போனது. ஆலிவ் எண்ணெயின் தனியாட்சி தளர்ந்தது. 1906இல் பிரான்சுவா மெர்க்லென் வகுத்த செய்முறையில் கொப்பரைத் தேங்காய் எண்ணெய் அல்லது பனையெண்ணெய் பெரும்பங்கு இடம்பெற்றது.

எண்ணெய் மாறினாலும் அளவில் கண்டிப்பு தொடர்ந்தது. கட்டியின் மேல் 72% என்று முத்திரை குத்தினார்கள். அதிலுள்ள கொழுப்பு அமிலத்தின் பங்கு அது. நம் ஊர்க் குளியல் சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று அச்சிடுவதும் கொழுப்புப் பொருளின் பங்கைத்தான். எண் குறைந்தால், அந்த இடத்தை வேறு பொருள்கள் நிரப்பியிருக்கும். சோப்பின் சத்து கொழுப்பில்தான். மணத்தை முகர்ந்து பார்த்து வாங்குகிற நாம், அந்த எண்ணையும் படித்துவிட்டு வாங்க வேண்டும்.