முயல் கூண்டமைப்பு

இனப்பெருக்கத்துக்கு முயல்களைச் சேர்த்து வைக்கும் முறை. பெயர்தான் சேர்ப்பது, வேலையில் பெரும்பகுதி பிரிப்பது.

பருவமடைந்த ஆண்கள் ஒரே கூண்டில் இருந்தால் விதையைக் கடித்துக் குதறுமளவுக்குச் சண்டை வரும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு. பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்; தன் இடத்தில் நுழையும் ஆணைப் பெண் தாக்கக்கூடும். இணைந்த பிறகுதான், சுமார் 10 மணி நேரத்தில், கருமுட்டை வெளிப்படும். அதனால் நாள் பார்க்கத் தேவையில்லை. சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். 28ஆம் நாள் வைக்கோலிட்ட பெட்டியை வைத்தால் தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைக்கும். ஈன்ற அன்றே மறுபடி சினையாகும் என்பதால் ஆணை அருகில் விடுவதில்லை.

குட்டிகளை மூன்று மாதத்துக்குள் ஆண், பெண் எனப் பிரிப்பது நல்லது.

கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் மையம் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் இனங்களை வளர்க்கிறது. அந்த மலைக்குளிர் செட்டிநாட்டின் காரைக்குடிக்கு ஏது? 30 டிகிரிக்கு மேல் வெயில் நீடித்தால் ஆணின் விந்துத்தரம் குறையும். செட்டிநாட்டு வீட்டின் நிழலான வளவு, அதாவது உள்முற்றம், கூண்டுக்குத் தோதானது. அங்கே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மட்டும் ஆகாது. முயலின் உள்ளங்காலில் மெத்தைத்தோல் இல்லை, ரோமம்தான். வழவழப்பில் வழுக்கும், சாக்கு விரிக்க வேண்டும்.